பேசினோம், பேசினேன்

"அப்பா, யோகலட்சுமி என் கதையைத் திருடிட்டா."

லட்சுமிப்ரியா செல்போனைக் கட்டிலில் எறிந்தாள். தாலுகா ஆபீஸில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த குற்றாலநாதன், குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே கீழே வைத்தார்.

"என்னட்டி சொல்லுத?"

"நிர்மலாதேவி டீச்சர் இப்பதான் போன் பண்ணுனாங்க. அவளும் அதே பாத்ரூம் விஷயத்தைத்தான் எழுதுதாளாம்."

ஒரு வாரமாகவே அந்த வீடு கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. பெங்களூரில் ஒரு பெரிய கல்லூரி. நாடு முழுக்கச் சேர்த்து அறுபதே சீட். கிடைத்துவிட்டால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். மார்க் மட்டும் போதாது, உன்னைப் பற்றி ஐந்நூறு வார்த்தையில் ஒரு பர்சனல் கட்டுரை எழுது என்று கேட்டிருந்தார்கள்.

குற்றாலநாதனுக்கு அந்த வார்த்தையே இடித்தது.

"பர்சனல்னா வெளியில சொல்லக்கூடாததுல்லா? அதை எதுக்கு அவன்கிட்ட சொல்லணும்?" என்றார்.

ஆனால் அன்று மாலையே அவருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. தலைப்பு தலைப்பாக எடுத்து விட்டார். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோயிலில் நூற்றியெட்டுச் சுற்று சுற்றியது. ஆறாம் வகுப்பில் நாய் கடித்து ஊசி போட்டது. கடைசியில், ப்ரமோஷனுக்காகத் தான் பட்ட பாடு.

"அது உங்க பர்சனல்ப்பா" என்றாள் மகள்.

சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் ராம்சங்கர்தான் போனில் கேட்டுக் கேட்டு அதைக் கண்டுபிடித்தான். போன வருஷம் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பாத்ரூமில் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ப்ரியாவும் கூடப் படிக்கும் யோகலட்சுமியும் தென்காசிக்குப் பஸ் ஏறிப் போய், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடமே மனு கொடுத்தார்கள். பத்தே நாளில் எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

"இதை வச்சுக்கிட்டா நாய்க்கடியை எழுதப் போன? இதுதான்ட்டி டாபிக். சீட்டு கிடைச்ச மாதிரிதான்."

"கக்கூஸைப் பத்தியா எழுதுவாக?" என்று முகம் சுளித்த குற்றாலநாதன், மகன் விளக்கிச் சொன்னதும் ஆபீஸ், டீக்கடை, அம்மன் சன்னதி வரிசை என்று ஓர் இடம் விடாமல் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இங்கிலீஷில் எழுதி முடித்ததைப் படித்துவிட்டு அண்ணன் ஒரே ஒரு குறைதான் சொன்னான்.

"எங்க பாத்தாலும் 'வீ', 'வீ'ன்னு இருக்கு. அவன் உன்னையத்தான் சேர்க்கப் போறான், உன் ஜோடியையும் சேர்த்து இல்ல. எல்லாத்தையும் 'ஐ'ன்னு மாத்து."

மாற்றினாள். போனோம் என்பது போனேன் ஆயிற்று. பேசினோம் என்பது பேசினேன் ஆயிற்று. படிக்கும்போது அவளுக்கே புல்லரித்தது. இன்று காலையில் கல்லூரிக்கு அனுப்பியும் விட்டாள். குற்றாலநாதன் அதை அப்படியே வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே கைதட்டுகிற பொம்மை நாலு சேர்த்துவிட்டார்.

"நீங்க குரூப்ல போட்டதுனாலதான் அவ பாத்து எடுத்துக்கிட்டா" என்று இப்போது அவரிடமே பாய்ந்தாள் ப்ரியா. "ஒரே கதை ரெண்டு பேருகிட்ட இருந்து போனா, காப்பின்னு ரெண்டையும் தூக்கிப் போட்ருவான்."

"நல்ல பிள்ளைன்னுலா நினைச்சேன். போயி நறுக்குன்னு நாலு வார்த்தை கேளு. இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு, வேற எதையாவது எழுதச் சொல்லு."

சைக்கிளை மிதித்த மிதியில் ஐந்தே நிமிஷத்தில் விசைத்தறித் தெருவுக்கு வந்துவிட்டாள். யோகலட்சுமி வாசல்படியில் போனோடு உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வா மக்கா. இப்பதான் அனுப்பினேன்."

"எதைப் பத்தி எழுதுன?"

"நம்ம பாத்ரூம்தான்."

"அது என் டாபிக்னு தெரியும்லா? உனக்கு வேற ஒண்ணுமே கிடைக்கலையா?" தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள் ப்ரியா. "என் சீட்டையும் சேர்த்துக் கெடுத்துட்டியே."

யோகலட்சுமியின் சிரிப்பு போய்விட்டது. போனை நீட்டினாள்.

"படிச்சுப் பாரு."

ப்ரியா மளமளவென்று படித்தாள். பாதியில் நின்றுவிட்டாள். 'கலெக்டரிடம் பேசியது என் தோழி லட்சுமிப்ரியா. வாய் திறக்க முடியாமல் நான் அவள் பின்னால் நின்றேன்' என்று இங்கிலீஷில் இருந்தது.

அன்றைக்கு நடந்தது ப்ரியாவுக்கு மறக்கவா செய்யும்? கையெழுத்து அழகு என்று மனு எழுதியது மட்டும்தான் ப்ரியா. அத்தனை ஆம்பிளைகள் நிறைந்த கூட்டத்தில் பாத்ரூம் என்ற வார்த்தை வாயில் வராமல் பின்னால் ஒதுங்கி நின்றதும் அவள்தான். முன்னால் போய்க் கணீரென்று பேசியது யோகலட்சுமி. 'ஐ' போடும்போது அது ஞாபகம் வரத்தான் செய்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாள். இப்போது வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"ஏட்டி, பேசினது நீதான?" என்றாள் மெதுவாக.

"ஆமா. அப்படித்தான் நானும் முந்தாநாளே எழுதி வச்சிருந்தேன். டீச்சர்கிட்டயும் சொன்னேன். இன்னைக்குக் காலையில குரூப்ல உன்னோடதைப் படிச்சேன், நீ பேசினதா எழுதி அனுப்பிட்ட. நானும் பேசினேன்னு அனுப்பினா, ரெண்டுல ஒண்ணு பொய்யின்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்லா" என்றாள் யோகலட்சுமி. "அதான், என்னோடதைப் பொய்யா மாத்திட்டேன்."