வேலை செய்த எண்ணெய்

கராச்சர்மா ஊர் மருந்துக்கடையில் மீனவர் மிக்கேல் நீட்டிய குப்பியை முகர்ந்த பிரவீனா முகம் சுளித்தாள். கஞ்சாச் செடியின் சிபிடி எண்ணெய். கால் எரிச்சலுக்குத் தடவ அவளிடம்தான் வாங்கிப் போயிருந்தார். இப்போது கறுத்து, சிக்கு வாடை அடித்தது.

“எங்கண்ணே வச்சிருந்தீங்க?”

“டிங்கிப் படகுலதான், எஞ்சின் பெட்டி மேல.”

“இத்தனை மாசமா வெயில்லயா? சத்தெல்லாம் போயிருக்கும். கீழ ஊத்துங்க.”

“என்ன மோளே சொல்லுத? நெருப்புல நிக்கிற மாதிரி எரிஞ்ச காலு, இப்ப ஏக்தம் டீக், சுத்தமா சரியாப்போச்சு! இதே மாதிரி இன்னொண்ணு குடு.”

“புதுசு தரேன்.”

“புதுசுக்கு வலி கேக்கவே இல்ல. கெட்டப்புறம்தான் கேட்டுச்சு.”

பிரவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரையை எடுத்து வைத்தபடி கேட்டாள்:

“ஒரு செருப்பு எங்கண்ணே?”

மிக்கேல் குனிந்தார். இடது கால் வெறுமையாக இருந்தது.

“அட, எங்க விட்டேன்?”

வாசலிலிருந்து வெள்ளைத் தரை நெடுக ஒற்றைக் காலின் ரத்தத் தடம். காலைத் தூக்கினார். உள்ளங்காலில் சிப்பித் துண்டொன்று ஆழமாக ஏறியிருந்தது.

“வலிக்கலையா?”

“துளிகூட இல்ல,” என்றார் பெருமையாக. “அதான் சொன்னேனே மோளே, நல்ல எண்ணெய்!”