மூன்று மணி அத்தியாயம்

நூற்று நாற்பத்து நான்கு மணி நேரமாக அம்மா குப்புறப் படுத்திருந்தாள்.

விழித்திரையில் ஓட்டை. அதை அடைத்து, கண்ணுக்குள் வாயு நிரப்பி அனுப்பியிருந்தார்கள். வாயு மேலே எழும். எழுந்து ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்க்க வேண்டும். பத்து நாளைக்கு.

இயற்பியல். அது மகளுக்குப் பிடித்திருந்தது.

மற்றது பிடிக்கவில்லை.

“மூணு ஆச்சா?” என்றாள் அம்மா, தலையணைக்குள்.

ஆகியிருந்தது.

தினமும் மூன்று மணிக்கு அம்மாவின் போனில் தொடர்கதையின் புது அத்தியாயம் வரும். எழுதுகிறவர் பெயர் ஏதோ பூ. முகப்படமும் அதே பூ. அம்மாவால் படிக்க முடியாததால் அவள் வாசிக்க வேண்டும்.

கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

நாயகன் போன பிறவியில் அரசன். இந்தப் பிறவியில் கார் கம்பெனி முதலாளி. ஆறடி இரண்டு அங்குலம். பேச மாட்டான், உறுமுவான். அவன் விரல் பட்டால் நாயகியின் காயம் ஆறிவிடும்.

மற்ற நேரத்தில் முடிந்துபோன பழைய தொடர்கள். ஆறு நாளில் இதோடு மூன்று நாவல்.

முதல் நாவலில், யானையைவிடப் பெரிய பறக்கும் பாம்பு ஒன்று மொட்டைமாடியில் இறங்கியது. தண்ணீர்த் தொட்டிகூட அசையவில்லை. இரண்டாவதில், நாயகன் நாயகியைக் கடத்திப் போய்த் தாலி கட்டினான். அறுபது அத்தியாயம் கழித்து அவள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

கீழே எல்லோரும் இதயம் போட்டிருந்தார்கள்.

“‘அவன் பார்வை அவளை ஊடுருவியது’” என்று வாசித்தாள்.

“அங்க மூணு புள்ளி இருக்கும் பாரு. இழுத்து வாசி.”

இருந்தது. எல்லா வரியிலும் இருந்தது.

“ஏம்மா, காயம்னா டெட்டனஸ் ஊசி போட மாட்டாங்களா?”

“அது மாயம் சாமி.”

“தங்கப்பதக்கம் வாங்குனவளாம். முப்பது அத்தியாயமா ஒரு லேபுக்குள்ள கால் வைக்கல. கால் வழுக்கி அவன் மேல விழறா. அதுக்குத்தான் காலே. இத எழுதறவங்க வீட்டுல படிச்ச பொண்ணே இருக்காதா?”

வெளியில் அவள் இவ்வளவு பேச மாட்டாள்.

அம்மா தலையணையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“படி” என்றாள் பிறகு.

புனேயிலிருந்து மின்னஞ்சல் வந்து பத்து நாள். ஆய்வு மாணவியாகச் சேர இடம். இன்று மாலை ஐந்துக்குள் சம்மதம் அனுப்ப வேண்டும்.

அப்பா, அம்மாவைக் கேள் என்றார்.

அம்மா, பார்க்கலாம் என்றாள். சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். ஆபரேஷன் வரைக்கும் அந்தப் போனை விடவில்லை. கண் கெட்டதே அதனால்தான் என்று அப்பா திட்டினார். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. வாயு. தலையணை.

இரண்டாம் முறை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அத்தியாயத்தை வாசித்துக்கொண்டே போனாள்.

இன்று நாயகிக்கு வெளியூரில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருந்தது. வாசித்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் தானாக வேகமெடுத்தது. நாயகன் உறுமினான். கடிதத்தை வாங்கினான். கிழித்தான்.

அடுத்த வரிக்கு அவள் கண் மட்டும் போனது.

நாயகி அவன் மார்பில் சாய்ந்தாள்... நீங்க இருக்கற இடம்தான் என் ஊர் என்றாள்... தொடரும்.

“என்ன சாமி, நின்னுட்ட?”

“நெட் சுத்துது.”

சுத்தவில்லை. திரை தெளிவாக இருந்தது.

திரையைப் பார்த்தபடியே, திரையில் இல்லாததை வாசித்தாள்.

“‘கிழிந்த கடிதத்தை அவள் பொறுக்கவில்லை. அது மின்னஞ்சலிலும் இருந்தது.’”

அம்மா அசையவில்லை.

“‘வெளியே வந்தாள். ஆட்டோ பிடித்தாள். ஈரோடு ஜங்ஷன் என்றாள். அவன் பின்னாலேயே காரில் வந்தான். ஆட்டோ தாண்டியதும் ரயில்வே கேட் மூடியது.’”

வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. அவளுக்கே தெரிந்தது. மூன்று புள்ளி வைக்க மறந்திருந்தாள்.

“‘முன்பதிவில்லாத பெட்டி. உட்கார இடமில்லை. கதவோரம் நின்றாள். வண்டி நகர்ந்தது.’”

நிறுத்தினாள்.

“தொடரும்” என்றாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. வகிடு கலைந்து, ஆறு நாள் எண்ணெய் காணாத முடி.

“போயிட்டாளா?”

“போயிட்டா.”

“அவன்?”

“கேட்டுக்கு அந்தப் பக்கம்.”

தலையணைக்குள் ஒரு சத்தம். இருமலாக இருக்கலாம். சிரிப்பாகவும் இருக்கலாம்.

“அவ அம்மா ஸ்டேஷனுக்கு வந்தாளா?”

அதை அவள் யோசித்திருக்கவில்லை. போனைப் பார்த்தாள். அத்தியாயத்துக்குக் கீழே இதயங்கள். ‘அடுத்த எபி எப்போ சிஸ்?’

“இல்ல” என்றாள்.

“வந்தாள்னு வாசி.”

“இதுல அப்படி இல்லம்மா.”

அம்மாவின் கை கட்டிலிலிருந்து இறங்கியது. துழாவியது. அவள் தலையைக் கண்டுபிடித்து, உச்சியில் மெதுவாக ஒரு குட்டு வைத்தது.

“ரயிலே அதுல இல்ல சாமி. ஆபரேஷனுக்கு முன்னாடியே எழுதி, தேதி போட்டு வெச்ச எனக்குத் தெரியாதா?”