தக்கை விடவில்லை

உச்சி வெயிலில் கூரியர் வண்டி பழுதாகி நின்றது. அட்டைப் பெட்டிக்குள் ஒயின் பாட்டிலோடு வைத்திருந்த ஐஸ் பொட்டலம் உருகித் தண்ணீராகிவிட்டது. படுக்கவைத்த பாட்டிலுக்குள் ஒயினுக்குச் சூடேறியது.

"வழி விடு, வேகுது!" என்று பாட்டில் வாயை அடைத்திருந்த தக்கையை முட்டியது ஒயின்.

"மாட்டேன். வெளியே போனா அட்டையைத்தான் நனைப்பே," என்றது தக்கை.

"நீ என்ன ஜெயில் வார்டனா? உன்னைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது."

"திட்டிக்கோ. ஆனா விலகிப் போயிடாதே. நீ என்னை நனைச்சுக்கிட்டே இருந்தாத்தான் நான் உப்பி நிப்பேன். காஞ்சா சுருங்கிடுவேன்."

ஒயின் முணுமுணுத்துக்கொண்டே தக்கை மேல் சாய்ந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் குளிர்சாதனம் உள்ள வேறு வண்டி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டது.

சாயங்காலம் ரெஜினா வீட்டில் பாட்டில் குளிர்ந்து, மேஜைக்கு வந்தது. அவள் திருகி இழுத்ததும் தக்கை மறுபேச்சில்லாமல் வெளியே வந்தது.

"இந்த வெயில்ல வந்திருக்கே, கெட்டிருக்குமோ?" என்றான் கணவன்.

ரெஜினா தக்கையின் சிவந்த அடிப்பக்கத்தை முகர்ந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "கெடவே இல்லைங்க. என்ன வாசனை!"

"அது என் வாசனை!" என்று பாட்டிலுக்குள்ளிருந்து கத்தியது ஒயின்.

"உன்னோடதுதான்," என்றது தக்கை. "வழியெல்லாம் என் மேலதானே சாஞ்சு கிடந்தே."