மூன்று மணிச் சத்தம்

"எல்லாரும் இருக்கும்போதே பேசிடலாம். அப்புறம் அவர் சொன்னார், இவங்க சொன்னாங்கன்னு ஆயிடக் கூடாது" என்றார் செக்ரட்டரி, செருப்பை வாசலில் விட்டபடி.

அன்று மாலை அந்த மூன்றாம் மாடி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். குடியிருப்பின் செக்ரட்டரி. இரண்டாம் மாடி நர்ஸ். வீட்டு மனிதர்களில் பெரியப்பா, அம்மா, பிள்ளைகள் மூவர்: மூத்தவள், நடுவன், எல்லோரும் குண்டூசி என்று கூப்பிடும் கடைக்குட்டி. அப்பா இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. 'நானும் அங்கே இருந்தேன்' என்று பிற்பாடு சொல்லிக்கொண்ட மற்றவர்கள் யாரும் அங்கே இல்லை.

பெரியப்பா நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். நில அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்தவர். வேலையில் ஒரு சாண் பிசகியதில்லை, பேச்சிலும் அப்படித்தான்.

"சொல்லும்மா. என்ன குறை?"

"குறைன்னு இல்லை சார்" என்றாள் நர்ஸ். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "ஒரு மாசமா எனக்கு நைட் ட்யூட்டி. வீட்டு வேலையெல்லாம் முடிச்சு மதியம்தான் கண்ணை மூடறேன். மூணு மணி ஆனா போதும், மேல தொம் தொம்னு ஆரம்பிச்சிடுது. நாலு மணி வரைக்கும் விடறதில்லை. பத்து நாளா இதே கதை. நேத்து வார்டுல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்."

"பார்த்தீங்களா சார்?" என்றார் செக்ரட்டரி. "சாவி வாங்கும்போது என்ன பேசினோம்? பிள்ளைங்க சத்தம்னு ஒரு புகார் வந்தாலும் சாவியைத் திருப்பித் தந்துடணும்னு."

மொட்டை மாடிச் சாவி. பூங்காவில் ஏதோ வேலை நடக்கிறதென்று பூட்டிவிட்டார்கள். தெருவில் வண்டிகள் ஓய்வதில்லை. கோடை விடுமுறை முழுக்க அந்தப் பிள்ளைகளுக்கென்று இருந்தது, மாலை ஐந்து முதல் ஆறு வரை மொட்டை மாடி ஒன்றுதான்.

"பேசினோம். மறக்கலை" என்றார் பெரியப்பா. "ஆனா எங்க வீட்டுப் பிள்ளைங்க குதிக்கலை."

"அப்ப மேல பேயா சார் குடியிருக்கு?"

"எங்க குடும்பத்துப் பிள்ளைங்க அடுத்தவங்க தூக்கத்தைக் கெடுக்க மாட்டாங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்."

செக்ரட்டரி எழுந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த விடுமுறை அட்டவணையைப் பார்த்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. "மூணுலேர்ந்து நாலு, வாசிப்பு. வாசிச்சா சீலிங் அதிருமா சார்? அப்படி என்ன புஸ்தகம்? எனக்கும் ஒண்ணு குடுங்க."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். காது மடல் சிவந்திருந்தது. "செக்ரட்டரி, ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். அந்தச் சத்தம்..."

"நாங்கதான் அங்கிள்" என்றாள் மூத்தவள்.



"ஆமா, மூணு பேரும்தான்" என்றான் ஈர்க்குச்சி போலிருந்த நடுவன். "நான்தான் கொஞ்சம் வெயிட்டு."

"நான் குதிக்கவே..." என்று ஆரம்பித்த குண்டூசியின் கையை அக்கா அழுத்தினாள். "கொஞ்சூண்டு குதிச்சேன்" என்று முடித்தாள் குண்டூசி.

"ஏய், யாரு உங்களைப் பேசச் சொன்னது?" பெரியப்பா பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"விட்டுடுங்க. பிள்ளைங்கதான் ஒத்துக்கிட்டாங்களே" என்று அவரைப் பார்க்காமலே சொன்னாள் அம்மா.

"ரொம்ப சரி" என்று செக்ரட்டரி கையை நீட்டினார். "உண்மையைச் சொன்னதுக்குப் பாராட்டு. சாவியைக் குடு தம்பி."

நடுவன் சாவியைக் கொண்டுவந்தான். கொடுக்க மட்டும் விரல் பிரியவில்லை. குண்டூசியின் உதடு பிதுங்கியது.

"இரு" என்றார் பெரியப்பா. பிறகு நர்ஸ் பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்றே பேசினார். "அம்மா, உன் தூக்கம் கெட்டது தப்பு. பெரிய தப்பு. நாளையிலிருந்து மூணு மணிக்கு இந்த வீட்ல ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும், நான் இந்தக் குடியிருப்பை விட்டே போயிடறேன். இது என் வார்த்தை. அதுக்கு மேல அந்தச் சாவி வேணும்னா எடுத்துக்கட்டும்."

நர்ஸ் பதறிப்போனாள். "ஐயோ, எதுக்கு சார் அவ்வளவு பெரிய பேச்சு? எனக்குத் தூக்கம் கிடைச்சா போதும். செக்ரட்டரி சார், சாவி அவங்ககிட்டயே இருக்கட்டும். லீவு விட்டா பிள்ளைங்க எங்கதான் போகும்?"

செக்ரட்டரி கையை மடக்கிக்கொண்டார். "நீங்க சொன்னா சரி. பெரியவர் வார்த்தை போதும்."

மறுநாள் மூன்று மணிக்குச் சத்தம் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நர்ஸ் தூங்கினாள். பிள்ளைகள் ஐந்து மணிக்கு மாடி ஏறினார்கள்.

பெரியப்பா போட்ட போட்டில் பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள் என்று அந்தக் குடியிருப்பில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. சத்தம் கேட்ட அந்தப் பத்து நாளும் மூன்று மணிக்குப் பிள்ளைகள் மூவரும் அம்மாவோடு அடுத்த தெரு நூலகத்தில் இருந்தார்கள். மொட்டை மாடியில் குண்டூசியிடம் மூன்று நாள் தொடர்ந்து ஸ்கிப்பிங்கில் தோற்றுவிட்டு, ஆளில்லாத வீட்டில் கயிறு சுழற்றிப் பழகியவர் அறுபத்தேழு வயதுப் பெரியப்பா.