சீல் வைத்த பெட்டி

"நீங்க ஜெயிச்சு முடிச்சுட்டீங்க அக்கா. அதனால நாங்க யாரும் ஜெயிக்கக் கூடாதா?"

நர்ஸ் இப்படிக் கேட்டது பாய்மரப் படகு கிளப்பின் தலைவியை, நிறைந்த கூட்ட அறையில்.



அந்த கிளப்பில் பந்தயம் விடுகிற சின்ன ஃபைபர் படகு அவர் வரைந்ததுதான். இரண்டு பேர் தூக்கிப்போய்த் தண்ணீரில் விடும்படி ஒரு படகு வேண்டும் என்று இளவயதில் வரைந்தார். கார் ஷெட்டில் அச்சு செய்தார். அதில் முதல் சில படகுகளைக் கணவரோடு சேர்ந்து கையாலேயே ஃபைபர் பூசி எடுத்தார். இன்று மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் அதே அச்சுதான்.

அச்சு ஒன்றானாலும் எடை ஒன்றாக வருவதில்லை. புதுப் படகுகள் லேசாக இருந்தன. அதனால் ஒரு விதி போட்டிருந்தார்கள். சீசனுக்கு முன் தலைவியின் கணவர் எல்லாப் படகையும் எடை போடுவார். எல்லாம் ஒரே எடைக்கு வர, குறைகிற எடைக்கு ஈயத்துண்டுகளை இருக்கையின் அடியில் இருக்கும் பெட்டியில் வைத்து, மூடி, சீல் வைப்பார். யார் பெட்டியில் எவ்வளவு என்று சொல்ல மாட்டார். சொன்னால் தோற்றவருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடுமாம்.

அந்த விதியை நீக்கத்தான் இன்றைக்குக் கூட்டம்.

"வேகமா போற படகைக் கட்டிட்டு அதுக்குள்ள ஈயத்தை வைப்பாங்களா?" என்றார் பல் டாக்டர். போன மாதம்தான் புதுப் படகு வாங்கியிருந்தார். "என்கிட்ட விடுங்க, வலிக்காம பிடுங்கித் தரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை.

"டாக்டருக்கு இது விளையாட்டு. நான் டியூட்டி முடிச்சு தூங்காம வந்து ஓட்டுறேன். இடிபட்ட இடத்தையெல்லாம் நானே ஃபைபர் வெச்சு ஒட்டுறேன். காத்து திரும்பப் போறது எனக்குக் கன்னத்துலயே தெரியும். அப்படியும் ஒவ்வொரு தடவையும் கடைசிக்கு முந்தின இடம். அந்த ஈயத்தை எடுங்க, நான் யாருன்னு காட்டுறேன்."

"எடுக்க முடியாதும்மா," என்றார் தலைவி.

"ஏன்?"

"வரைஞ்சவ சம்மதிக்காம படகுல எதையும் மாத்த முடியாது. நான் சம்மதிக்கல."

"இது காரணம் இல்ல, திமிரு," என்றது பின்வரிசை.

நர்ஸ் எழுந்து நின்றாள். "உங்களைப் பாத்துதான் நான் படகோட்டவே வந்தேன். இனிமே அக்கான்னு கூப்பிட எனக்கு வாய் வராது."

"அப்போ தலைவரா வேற யாராவது இருக்கட்டுமே," என்றார் டாக்டர்.

கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது நர்ஸின் கை.

தலைவி சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். கணவரும் கூடவே வந்தார்.

"ஏன் உண்மைக் காரணத்தைச் சொல்லல நீ? ஈயத்தை எடுத்தா டாக்டர் பறந்துடுவார், பழைய படகெல்லாம் பின்னாடி நிக்கும்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எது பழசுன்னு திரும்பிப் பாப்பாங்க. அந்தப் பார்வையை அவ தாங்குவாளா?"

அப்போது நர்ஸ் வெளியே வந்தாள். இவர்களைக் கவனிக்காமல் நேராகத் தன் படகிடம் போனாள். கையால் பூசிய அந்த முதல் படகுகளில் ஒன்றை, கைமாறிக் கைமாறி வந்ததைத்தான் அவள் வாங்கியிருந்தாள். ஒட்டுப்போட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, அதன்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள்.

கணவருக்குப் பொறுக்கவில்லை.

"ஒட்டுப் போட்டுப் போட்டே அது கனத்துப்போச்சு. அவ பெட்டியை மட்டும் நான் காலியாத்தான் மூடி சீல் வெச்சேன். நீ சண்டை போட்டதே அவளுக்காகத்தான்னு போய்ச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாங்க. ஈயம்தான் தன்னைத் தோக்கடிக்குதுன்னு நினைச்சுதான் ஒவ்வொரு வாரமும் வரா. அதுவும் இல்லைன்னு ஆயிட்டா, எதை நம்பி வருவா?"