ஒன்பது ஜோடி

‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று தாம்பரம் ஸ்டேஷனில் ஒலிக்குமே, அந்தச் சத்தத்தில்தான் எங்கள் அப்பா சூர்யநாராயணன் ரகசியமே பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் குரல் ஹாலில் கிளம்பியது.

“பத்ரி, என்னடா இது? சீட்டாட்டமா?”

அண்ணா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போக்கர்ப்பா. காசு கிடையாது. சும்மா பசங்களோட.”

“காசு இல்லேன்னா மட்டும்? சேலையூர்ல இந்தத் தெருவுல நம்ம வீட்டுக்குன்னு ஒரு பேர் இருக்கு. அதைக் கெடுத்துடாதே.”

போன மாசம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை ரூமில் ரம்மி ஆடிக்கொண்டிருந்ததால் தாலி கட்டுவதையே பார்க்காமல் விட்டவர் இவர்தான்.

திட்டிக்கொண்டே அண்ணாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஸஹானா, இது எப்படி ஆடறது?”

“கையில ரெண்டு சீட்டு. நடுவுல பொதுவா அஞ்சு சீட்டு, ஒண்ணொண்ணா விழும்” என்றேன். “சேர்த்துப் பார்த்தா யாருது பெரிசோ அவங்க ஜெயிப்பாங்க. தைரியம் இருந்தா கையில இருக்கிற பாயின்ட்டை பெட் வைக்கலாம். இல்லேன்னா ‘செக்’னு சொல்லி, பெட் வைக்காம எதிராளிக்கு விட்டுடலாம். மத்தவங்க எல்லாம் தோத்துட்டு கிரிக்கெட் ஆடப் போயிட்டாங்க. மிச்சம் அண்ணாவும் ஜாய்சனும்தான். இதுல ஒருத்தர் காலியானா ஆட்டம் முடிஞ்சது.”

“செக்” என்றான் அண்ணா.

“செக்கு மச்சான்” என்றது போன். அதுதான் ஜாய்சன். கோவளத்துப் பையன். பொத்தேரி காலேஜில் அண்ணாவோடு படிப்பவன்.

அப்பாவுக்குக் கை துறுதுறுத்தது. “இருடா. உன் கையில ஒரு ஒன்பது. நடுவுலயும் ஒரு ஒன்பது. ஜோடி சேர்ந்திருக்கே. ஏன் பெட் வைக்கல?”

அண்ணா அவசரமாகப் போனின் ஒரு முனையை உள்ளங்கையால் பொத்தினான்.

“மெதுவா பேசுப்பா. இது சுமாரான கை. நடுவுல ஒரு ராணி கிடக்கு பார். நான் பெட் வச்சா, என்னைவிட மோசமா வச்சிருக்கிறவன் சீட்டைப் போட்டுட்டு ஓடிடுவான். நல்லா வச்சிருக்கிறவன் மட்டும்தான் நிப்பான். எனக்கு என்ன லாபம்?”

“எல்லாம் பயந்தாங்கொள்ளி கணக்கு. மொத்தத்தையும் தள்ளு. எங்க வம்சத்துல எவன்டா கோழை?”

‘வம்சம்’ காதில் விழுந்ததும் அடுக்களையில் அம்மா டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

நடுவில் கடைசிச் சீட்டு விழுந்தது. இஸ்பேட் ஆறு. அண்ணாவுக்கு ஒன்றுக்கும் உதவாத சீட்டு.

“இப்பவாவது தள்ளுடா. முடிச்சு விடு அவனை.”

“முடிக்கக் கூடாதுப்பா.”

“ஏன்?”

அண்ணா கையை எடுக்காமலே சொன்னான். “பைக்ல விழுந்து கால்ல கம்பி வச்சதுலேர்ந்து அவன் யார் போனையும் எடுக்கறதில்ல. காலேஜுக்கே வரமாட்டேங்கறான். ‘கால் எப்படிடா இருக்கு’ன்னு கேட்டா கட் பண்ணிடறான். ஞாயித்துக்கிழமை இந்த ஆட்டம் ஓடற வரைக்கும்தான் பேசறான். இன்னிக்குக் கொஞ்சம் சிரிக்கக்கூடச் சிரிச்சான். இப்ப அவனைக் காலி பண்ணினா அடுத்த வாரம் வருவானோ, மாட்டானோ.”



அப்பா முதுகை நிமிர்த்தினார். அடுக்களைக்கும் மாடி வீட்டுக்கும் சேர்த்து அறிவித்தார்.

“என் பிள்ளைடா நீ. செக் பண்ணு. எங்க வம்சமே செக் வம்சம்தான்.”

சிரிப்பு வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கும் அண்ணாவைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

“செக்” என்றான் அண்ணா.

போனில் கோவளத்து மின்விசிறி கடகடவென்று சுற்றுவது மட்டும் கேட்டது.

அப்போதுதான் கவனித்தேன்.

“அண்ணா, நீ பொத்தியிருக்கிறது ஸ்பீக்கரை. மைக் இந்தப் பக்கம் இருக்கு.”

அண்ணா வெடுக்கென்று கையை எடுத்தான். அப்பாவின் குரலுக்கு மைக்கே தேவையில்லை. ஒன்பது ஜோடி, கால் கம்பி, எடுக்காத போன் எல்லாமே கோவளம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“ஜாய்சா... மச்சான், அது வந்து...”

இதோ கட் பண்ணப்போகிறான் என்று மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெல்ல ஒரு செருமல்.

“செக்கு.”

இருவர் சீட்டும் திரையில் திரும்பின. இந்தப் பக்கம், தெரு முழுக்கத் தெரிந்துவிட்ட ஒன்பது ஜோடி.

அந்தப் பக்கம் ஒரு ராணி. இன்னொரு ராணி. நடுவில் கிடந்ததையும் சேர்த்தால் மூன்று.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. போன் பக்கம் குனிந்தார்.

“ஏம்ப்பா ஜாய்சன், மூணு ராணி வச்சிருக்கே. எங்க கை என்னன்னும் உனக்குத் தெரிஞ்சுபோச்சு. மொத்தமா தள்ளி இவனை முடிச்சிருக்கலாமே. ஏன் விட்டே?”

“இன்னா அங்கிள், தெரியாத மாதிரி கேக்குறீங்க? இவன் காலியானா ஆட்டம் முடிஞ்சிடும். அப்பால வாரம் பூரா இவன் போன் பண்ணிகினே இருப்பான், நானும் அதை எடுக்காம பார்த்துகினே படுத்துகினு இருக்கணும். பேஜாரு அங்கிள்.”

ஜாய்சன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

“அதான் வாரா வாரம் உங்க புள்ளைய தோக்க வுடாம நான் காப்பாத்திகினு வர்றேன்.”