தொப்பி வழக்கு

“நல்லா கேட்டுக்குங்க, சார். ஜட்ஜ் ரெண்டு தொப்பியை முன்னால வைப்பார். ஒண்ணு நம்ம பிரச்சாரத் தொப்பி. இன்னொண்ணு உங்களை நக்கலடிச்சு அந்த டீலியா விக்கிறது. நம்மது எதுன்னு சரியா காட்டிட்டீங்கன்னா கேஸ் காலி.”

ஓஹையோ நீதிமன்ற வராந்தாவில் வக்கீல் மிரியம் கெஸ்லர் கடைசிப் பாடம் நடத்தினாள். செனட் வேட்பாளர் ஹால்டேன் முறைத்தார்.

“சரியா காட்டினா எப்படிக் காலியாகும்?”

“பாக்கிறவங்க ரெண்டையும் குழப்பிக்கிறாங்கங்கிறதுதானே நம்ம புகாரே? உங்களுக்கே வித்தியாசம் தெரியலைன்னாதான் அவ விக்கிறதுக்குத் தடை கிடைக்கும். இல்லேன்னா தேர்தல் வரைக்கும் ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.”

“அதுக்காக முட்டாள் மாதிரி நடிக்கச் சொல்றியா?”

“ரெண்டே நிமிஷம், சார்.”

ஹால்டேன் விறுவிறுவென உள்ளே போனார்.

சாட்சிக் கூண்டில் தொப்பிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டும் நீலம். இரண்டிலும் அவர் பெயர், அதற்கு மேல் ஒரு கழுகு. ஒரு கழுகின் அலகில் ஆலிவ் கிளை. மற்றதன் அலகில் டாலர் கட்டு.

நெற்றி வியர்க்க, டாலர் கட்டைத் தொட்டுக் காட்டினார்.

“இதுதான் எங்களோடது.”

நீதிமன்றமே சிரித்தது. டீலியா தலையில் கை வைத்துக்கொண்டாள். நீதிபதி அவள் விற்பனைக்குத் தடை விதித்தார்.

வெளியே வந்ததும் மிரியம் கைகுலுக்கினாள்.

“பிரமாதம், சார். அந்த வியர்வைகூட நிஜம் மாதிரியே இருந்துச்சு. நடிப்புன்னு யாருக்கும் சந்தேகமே வரலை.”

ஹால்டேன் அவளை விநோதமாகப் பார்த்தார்.

“என்னம்மா பேசறே? சத்தியம் பண்ணிட்டு யாராவது நடிப்பாங்களா? பணத்தைக் கவ்விட்டு இருந்துச்சா, நம்மதுன்னுதான் நினைச்சேன்.”